என் காகிதச் சக்களத்தி

போன வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அம்மன் கோயிலில் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். ஒருகாலத்தில் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்த கமலம், தன் மருமகளைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தவள், சட்டென்று சொன்னாள்: "நாடகத்துல அந்த வசந்தா சொன்னாளே, 'இன்னைக்கு என்ன குழம்புன்னு மட்டும்தான் இந்த வீட்ல என்னைக் கேக்கறாங்க'ன்னு. எந்தொரு பேச்சு சேச்சி அது!"

என் கையில் திரி அறுந்தது.

வசந்தா என்று யாரும் பிறக்கவே இல்லை. என் வீட்டுக்காரர் எழுதிய நாடகத்தில் வருகிற பெண் அவள். இல்லாத ஒருத்தி மேல் இந்த வயதிலும் வயிறு எரிகிறது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அம்மன் அறிய அதுதான் உண்மை.

எழுபதுகளின் கடைசி அது. அவருக்கு பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்கில் எடை பார்க்கிற வேலை. சட்டையை எத்தனை அலசினாலும் அந்த வாசனை போகாது. இப்போதும் சுக்குக் காப்பி கொதித்தால் முதலில் அந்தச் சட்டை ஞாபகம் வரும், பின்னாலேயே கோபமும் வரும். முதலாளி முன்னால் வாய் திறக்காத மனுஷர், கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் எழுதுவார். கதை மாறும், பெயர் மாறும். உள்ளே ஒரு பதினேழு வயதுப் பெண் மட்டும் மாறவே மாட்டாள். சீர் கேட்டவனைத் திருப்பி அனுப்புவாள், தாலியறுத்த அத்தைக்குப் பூ வைத்துவிடுவாள், என் படிப்பை நிறுத்தாதே என்பாள். என் படிப்பு எட்டாவதோடு நின்றது. அதைப் பற்றி ஒரு வரி? ஊஹும்.

"எல்லாத்தையும் எதுக்கு ஒரு சின்னப் பொண்ணு தலையில ஏத்தறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் சொன்னா பெரியவங்க அடிக்க வருவாங்க. அவ சொன்னா அழுதுட்டுப் போவாங்க" என்றார்.

கெட்டிக்காரர்தான். அவளுக்கு அத்தனை வார்த்தை. எனக்கு, துவரம்பருப்பு இருக்கா என்பதோடு சரி.

அந்த வருஷம் அவள் பெயர் வசந்தா. வசந்தாவாக நடிக்க ரமணி பள்ளுருத்தியிலிருந்து பஸ்ஸில் வருவாள். தமிழ் வீட்டுப் பெண்தான், ஆனால் படித்தது மலையாளம். நான் வசனத்தை வாசிக்க வாசிக்க மலையாள எழுத்தில் எழுதிக்கொள்வாள். "ஒண்ணுகூடி சொல்லுங்க சேச்சி" என்று இன்னொரு தடவை சொல்லச் சொல்வாள். ரமணி மேல் எனக்கு ஒன்றுமில்லை, அவளுக்கு அவல் நனைத்துக் கொடுப்பேன். ஆனால் பாருங்கள், புளி கரைத்துக்கொண்டே என் சக்களத்திக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அப்படி ஒரு சாயங்காலம் அவர் உள்ளே வந்தார். "பள்ளுருத்தில வீடு பேசி முடிச்சாச்சு. திருவிழா கழிஞ்சதும் போறோம். இன்னைக்கு என்ன குழம்பு?" எல்லாம் ஒரே மூச்சில்.

விடிந்ததும் நடந்துபோய் அம்மன் முகத்தில் விழித்தால்தான் எனக்கு அன்றைய நாள். அது போச்சு. ரமணி இருக்கிறாள் என்பதும் மறந்துபோய்க் கத்தினேன்: "இன்னைக்கு என்ன குழம்புன்னு மட்டும்தான் இந்த வீட்ல என்னைக் கேக்கறாங்க. வேற எதையாவது கேட்டதுண்டா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது நான் எழுதலையே! பிரமாதம்! ரமணி, எழுதிக்கோ."

"வசனமில்லீங்க. நான் கேக்கறேன்."

"அதேதான்! அந்தக் கோபத்தோடயே சொல்லிக்குடு."

ரமணி எழுதிக்கொண்டாள். மேடையில் அவள் அதைச் சொன்னபோது பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த கைதட்டல் அடங்கவில்லை. இவர் திரைக்குப் பக்கத்தில் நின்று துண்டால் கண்ணைத் துடைத்தார். வசந்தாவை யாரும் எதுவும் கேட்கவில்லையே என்று அழுதார் மனுஷர்! அடுத்த மாதம் எங்கள் பாத்திரங்கள் கைவண்டியில் பள்ளுருத்திக்குப் போயின. அம்மன் எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும் என்றாகிவிட்டது.

அந்தக் கிடங்கு இன்று சுற்றுலா வருகிறவர்களுக்கான காப்பிக் கடை. மேடை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ரமணி எங்கே வாழ்க்கைப்பட்டாளோ தெரியாது. அவரும் போய்ச் சேர்ந்தார். வசந்தா மட்டும் பதினேழு வயது மாறாமல் கமலத்தின் வாயில் இருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை அவளிடம் 'அது நான் சொன்னது' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "ஆமா, நல்லாத்தான் சொன்னா" என்றேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பின் முன்னால் நின்றேன். மகனும் மருமகளும் சாப்பாட்டைப் போனிலேயே வரவழைத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்கவும் இப்போது ஆள் இல்லை.