மகளின் நோட்டில் இல்லாத எழுத்து

முருகனடியார்களே, அனுபவம் சொல்ல எழுந்து நிற்பவர்கள் நோய் வந்ததைச் சொல்வார்கள், விபத்து நடந்ததைச் சொல்வார்கள். என் வீட்டுக்கு வந்த துன்பத்தில் என் வாய்க்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு முருகன் கருணையை மட்டும் சொன்னால் பாதிப் பொய் சொன்னவன் ஆவேன்.

கல்கத்தா பாலிகஞ்சில் எங்கள் வீட்டில் வெள்ளிதோறும் பஜனை. நான் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஜால்ரா என் கையில்தான் இருக்கும். யார் உச்சரிப்பு பிசகினாலும் எனக்குப் பொறுக்காது. முன்கோபி என்று என் மனைவி சொல்வதில் தப்பே இல்லை. ஒரே மகள் மீனா, பிறந்து வளர்ந்ததெல்லாம் கல்கத்தாவில். தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லிக்கொடுக்க எனக்கு நேரம் இருந்ததில்லை. வங்காளிப் பிள்ளைகளைப் போல என்னை 'பாபா' என்றுதான் கூப்பிடுவாள்.

போன ஆடிக் கிருத்திகைக்கு நானே ஒரு நாமாவளி எழுதினேன். 'வேலா வருவாய், வினை தீர வருவாய்.' அதைத் தான் பாடுவதாக மீனா ஆசையோடு சொன்னாள். சால்ட் லேக் ஆபீஸிலிருந்து களைத்து வந்து, அவள் அம்மா சொல்லச் சொல்ல வங்காள எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டாள். நம் 'வ'வுக்கு வங்காளத்தில் தனி எழுத்து கிடையாது. 'ப' போல ஒலிக்கும் எழுத்தைப் போட்டிருந்தாள். அன்று அத்தனை பேர் முன்னால், பதற்றத்தில், நோட்டில் இருந்ததை அப்படியே பாடிவிட்டாள். 'பேலா பருபாய், பினை தீர பருபாய்.'

தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். நான் ஜால்ராவைக் கீழே வைத்தேன்.

"முருகன் பேரையே நாறடிச்சிட்டியே. வாய மூடிக்கிட்டு உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். பிரசாதம் வாங்கக்கூட எழுந்து வரவில்லை. நான் பாவி, அடுத்த பாட்டை எடுத்தேன்.

துர்கா பூஜை விடுமுறை முடிந்தபோது மீனாவால் பஸ் ஏற முடியவில்லை. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேன் போலிருக்கிறது என்றாள். ஆஸ்பத்திரியில் பார்த்து, இதயத்தில் கோளாறு இல்லை என்றார்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். முன்பெல்லாம் பதற்றம் வந்தால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். மெல்லப் பாடிக்கொள்வேன், பரீட்சைக்கு முன்னாலும் பாடுவேன், பஸ்ஸிலும் பாடுவேன் என்றாள். இப்போது வாயைத் திறந்தால் எல்லோரும் சிரிப்பதுதான் கேட்கிறது என்றாள். எங்கே, என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விடாதா என்றிருந்தது.

நடந்ததை நானே சொன்னேன். ஒரு வார்த்தையால் இந்த நோய் வராது, வேலை நெருக்கடி நெடுநாளாக இருந்திருக்கிறது என்றார் மருத்துவர். இருக்கலாம். தடுமாறி நடப்பவளின் கைத்தடியைப் பிடுங்கியவன் நான்தானே. மாத்திரை எழுதிக் கொடுத்தார். நிதானமாகப் பாடினால் மூச்சு நீண்டு வெளியேறும், உடம்பு அடங்கும், அந்த நேரத்தில் நீங்களும் கூட உட்கார்ந்து பாடுங்கள் என்றார். எந்த முகத்தோடு பாடுவேன்?

பஜனையை நிறுத்தினேன். மீனா குப்பையில் போட்ட நோட்டை எடுத்து முருகன் படத்தடியில் வைத்தேன். தினமும் ஒரே வேண்டுதல். 'அப்பனே, என் நாக்கை எடுத்துக்கொள். அவள் பாட்டைத் திருப்பிக் கொடு.' கார்த்திகை போனது, மார்கழி போனது. அவன் கேட்டதாகவே தெரியவில்லை.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் ஆபீஸுக்குக் கிளம்பியவள் செருப்பை மாட்டியபடியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பாபா, முடியல."

மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். பாடலாம் என்று வாயெடுத்தால் நான் எழுதிய பாட்டே மறந்துவிட்டது. ஓடிப்போய் அந்த நோட்டை எடுத்துவந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வங்காளம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ராகத்தை இழுத்துப் பாடினேன்.

"பேலா... பருபாய்..."

காதில் விழுந்ததும் என் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. மீனா நிமிர்ந்து பார்த்தாள்.

"பாபா, அது வேலா."

"நோட்டுல அப்படித்தாம்மா இருக்கு."

"அதத்தான் நானும் அன்னிக்குப் படிச்சேன்."

அழுதுவிட்டேன். "தப்பு என் மேலதாம்மா, மன்னிச்சிடு" என்றேன். பெற்ற மகளிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் நோட்டில் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். மூச்சு திணறத் திணற, 'வேலா வருவாய்' என்று பாடினாள். நான் பின்பாட்டுப் பாடினேன். மனைவி காய்கறிப் பையோடு வந்து நின்றபோதும் நாங்கள் வாசலை அடைத்துக்கொண்டு பாடிக்கொண்டுதான் இருந்தோம். மீனாவின் மூச்சு சீராகியிருந்தது.

என் நாக்கை எடுத்துக்கொள் என்று கேட்டேன். முருகன் அதை எடுக்கவில்லை, இடற வைத்தான்.

மீனா இப்போது ஆபீஸ் போகிறாள். சில நாள் முடியாமல் பாதி வழியில் திரும்பியும் வருகிறாள். மாத்திரை தொடர்கிறது. வெள்ளிக்கிழமைப் பஜனையில் அவள் முன்னால் பாட, நாங்கள் பின்னால் பாடுகிறோம். அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறேன். 'வ'விலிருந்துதான் தொடங்கினோம். அந்தச் சிரிப்புச் சத்தம் இப்போது என் காதில் கேட்கிறது. கேட்கட்டும், எனக்கு அது வேண்டியதுதான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை மூச்சு முட்டி உட்கார்ந்திருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். முருகனிடமும் நம்பிக் கேளுங்கள். பிள்ளை தப்பாகப் பாடினாலும் பாடட்டும், கூடப் பாடுங்கள். பேலா என்று கூப்பிட்டபோதே அவன் புறப்பட்டிருப்பான். நடுவில் ஜால்ராவைக் கீழே வைத்தது நான்தான்.