என் பேத்தி கலந்து கொடுத்த உப்பு சோடா

போன வைகாசியில், ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. நான் படித்தது மூன்றாவது வரைக்கும்தான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நடுவில் அவளைப் பற்றி நல்லதாக ஏதாவது வந்தால், அது அவளே சேர்த்துக்கொண்டது.

என் பேத்தி சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் சாப்பாடு பரிமாறுகிற வேலையில் இருந்தாள். லீவுக்கு வந்தவள், "ஆயா, என்னிய பார்ல எடுத்துக்கறேன்னு சொல்றாங்க. சரக்கு கலந்து குடுக்கற வேலை. ஒன்னும் தெரியலன்னாலும் கத்துக் குடுப்பாங்களாம்" என்றாள்.

தறியில் இருந்த என் மகனுக்குக் கை நின்றுவிட்டது. ஆனால் கத்தவில்லை. தந்திரக்காரன். "ஆயா சரின்னு சொன்னா போ" என்று என் தலையில் கட்டிவிட்டான். நான் சொல்லமாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் குடித்தார். செருப்பு ஒன்று எங்கள் வாசலில் கிடக்கும், இன்னொன்று எதிர்வீட்டு வாசலில் கிடக்கும். காலையில் அதை ஜோடி சேர்ப்பது என் வேலை. அவருக்கு ஊற்றிக் கொடுத்தவனையெல்லாம் நான் ஏசாத ஏச்சு இல்லை. இப்போது என் பேத்தியே அந்த வேலைக்குப் போகிறேன் என்கிறாள்.

"பாக்கலாம்" என்றேன்.

அவளோ அன்றைக்கே பழக ஆரம்பித்துவிட்டாள். போனில் வீடியோ பார்ப்பாள், பாட்டிலைக் கவிழ்த்து மனசுக்குள் எண்ணிக்கொண்டே ஊற்றுவாள். எண்ணி முடிக்கும்போது அளவு சரியாக வந்திருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் தறிப் பக்கமே வரக்கூடாது. தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவில் ஒரு சொட்டு பட்டால் பட்டு நூல் ஒட்டிக்கொள்ளும், பின்னாலேயே எறும்பு வரும். அதனால் வெறும் குழாய்த் தண்ணீரில்தான் பழகினாள். காலி பாட்டிலைத் தூக்கிப் போட்டும் பிடிப்பாள். என் மகன் பாவுக்கு மேல் போர்வையைப் போர்த்திவிட்டுத் திட்டுவான். "நல்லா பாத்துப் போடுடி, அந்தப் பக்கம் உங்கப்பன் தல இருக்குது" என்பேன் நான்.

அந்த லீவில்தான் மருமகளின் அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாலை வரவேற்பில் ஜூஸ் மேசையை என்னிடம் விடுங்கள் என்று பேத்தி கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் சுற்று நன்னாரி சர்பத் குடித்தவர்கள் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.

"இன்னாடி இது, கொழாத் தண்ணிக்கி நன்னாரிய தூரத்துலேர்ந்து காட்டினியா?"

அவளும் குடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ ஆயா, பாகு கெட்டியா இருக்குது, மெதுவா எறங்குது. நான் தண்ணிக்கி எண்றா மாதிரியே எண்ணிகினு இருக்கறேன்!" பேஜாராகிவிடுவாள் என்று பார்த்தேன். இல்லை. நின்ற இடத்திலேயே எண்ணிக்கையை நிதானமாக்கினாள். அடுத்த சுற்றுக்கு ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

அப்போது மேடையில் பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போடும் நேரம். மாமனைக் காணோம். மாமன் வேறு யாருமில்லை, என் மருமகளின் தம்பிதான். (இந்த இடத்தில் பேனா நின்றது. "எழுதும்மா, ஊருக்கே தெரிஞ்சதுதான்" என்றேன்.) வண்டி நிறுத்துகிற பக்கமிருந்து ஆடிக்கொண்டே வந்தவர், நேராக ஜூஸ் மேசைக்கு வந்து இடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்தார்.

"பாப்பா, பார்ல சேரப் போறியாமே? மொதல்ல மாமனுக்கு ஊத்து. இத அதுல கல."

களம்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். என் மகன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். எனக்குத் தெரியும், குடித்தவர்களிடம் பாட்டிலைப் பிடுங்கினால் கத்துவார்கள், பதிலுக்குக் கத்தினால் அடிப்பார்கள். நான் பிடுங்கியும் பார்த்தவள், கத்தியும் பார்த்தவள்.

இவள் இரண்டையும் செய்யவில்லை. "வாங்க மாமா, ஒக்காருங்க. உங்களுக்குத் தனியா போடறேன்" என்று கையை நீட்டினாள். அவரே பாட்டிலைக் கொடுத்தார். அதை மேசைக்கு அடியில் பத்திரமாக வைத்தாள். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கிளாஸ் விளிம்பில் தேய்த்து, உப்பில் ஒற்றி, சோடாவை ஊற்றி, மேலே ஒரு புதினா இலையை நிறுத்தினாள். மந்திரிக்குக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தாள்.

மாமன் ஒரு வாய் குடித்தார். "இன்னா பாப்பா, சரக்கே இல்லியே?"

"இல்ல மாமா. இன்னிக்கி என் மேசையில உங்களுக்கு இதுதான்." சிரிப்பு மாறவே இல்லை. "அங்க பாருங்க, பொண்ணு உங்களத்தான் தேடிகினு இருக்குது. இத முடிங்க, இன்னொன்னு தரேன். மூஞ்சி கழுவிகினு போலாம்."

கிளாஸ் பறக்கப்போகிறது என்று நான் முந்தானையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். ஒன்றும் பறக்கவில்லை. எட்டிப் பார்த்தால், மாமன் மேடையையே பார்த்துக்கொண்டு குடிக்கிறார். இன்னொன்று கேட்டு வாங்கினார். அதற்கடுத்து அவள் கொடுத்தது வெறும் தண்ணீர், அதையும் குடித்தார். மற்றவர்களுக்கு ஊற்றிக்கொண்டே இவரிடமும் வண்டி, பிள்ளைகள், மாடு என்று பேச்சுக் கொடுத்தபடி இருந்தாள். பிறகு அவர் எழுந்து முகம் கழுவி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடை ஏறினார். மாலை கொஞ்சம் கோணல்தான், ஆனால் பெண்ணின் கழுத்தில்தான் விழுந்தது.

"அந்த பாட்டில கீழ கொட்டுடி" என்றேன்.

"அது அவருது ஆயா. நாளைக்கி வந்து கேட்டா குடுத்துடுவேன்" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் மகன் மெதுவாகக் கேட்டான். "இன்னாம்மா சொல்ற?"

"போகட்டும்டா. ஊத்திக் குடுக்க ஊரெல்லாம் ஆளுங்க இருக்குது. போதும்னு சொல்றதுக்கு உங்கப்பாவுக்குத்தான் ஒருத்தரும் கெடைக்கல."

பேத்தி என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இப்போது அவள் அந்த பாரில்தான் இருக்கிறாள். பொழுது சாய்ந்ததும், இவள் மேசைக்குப் பின்னால் போய் நிற்கிற நேரம் இது என்று நினைத்துக்கொள்வேன். இன்றைக்கு யாரோ ஒருத்தியின் வீட்டில் இரண்டு செருப்பும் ஒரே வாசலில் கழன்று கிடக்கும் என்று நினைக்கும்போதே, என் மனசுக்குள் ஒரு பழைய கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது.