காஞ்சிபுரத்தில் பிடிக்காத கிரகணமும் என் கரையொளியும்

கோதை தன் சொந்த ஊரான காஞ்சிபுரத்துக்கு ஒரு பேச்சுக்காக வருகிறாள் என்று கேள்விப்பட்டதும் நான் போவதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த நாளே நல்ல சட்டை ஒன்றை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்தேன். பொறாமை மனிதனை வீட்டில் உட்கார விடாது. 2008 ஜூன், கல்லூரி விடுமுறை, ஒரு சனிக்கிழமை. அப்படித்தான் இந்தப் பயணம் ஆரம்பித்தது.

கோதையும் நானும் எம்.எஸ்சி. இயற்பியல் ஒன்றாகப் படித்தவர்கள். லேபில் ஒரே மேசை. கண்ணாடிப் பட்டகத்தை ஒழுங்காக நிறுத்தி வைக்கத் தெரியாமல் என்னைத்தான் கூப்பிடுவாள். இன்றைக்கு அவள் அமெரிக்காவில், விண்வெளித் தொலைநோக்கிகளை வைத்து எங்கோ இருக்கும் கோள்களின் காற்றை ஆராய்கிறாள். நான் தாம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அதே பட்டகத்தை நிறுத்தி வைத்துக்கொண்டிருக்கிறேன். மிச்ச நேரத்தில் இந்த வலைப்பூவில் வானியல் எழுதுகிறேன். படிக்கிற உங்கள் எல்லாரையும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

ஆனாலும் என்னிடம் ஒரு சொத்து இருந்தது. ஒரு வார்த்தை. தமிழில் ஒரு வானியல் புத்தகம் எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. அதன் முதல் அத்தியாயத்துக்குத் தலைப்பாக நானே உருவாக்கி, இங்கேகூடப் போடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த வார்த்தை.

கோயம்பேட்டில் பன்னிரண்டரை மணி பஸ். 75 கிலோமீட்டர், 27 ரூபாய், இரண்டு மணி நேரம். ஜூன் மாத வெயிலில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடாதீர்கள், வெந்துவிடுவீர்கள். கோதை ஆராய்கிற கோள்களும் அப்படித்தான். நம் வியாழன் அளவுக்குப் பெரியவை, ஆனால் தங்கள் சூரியனை ஒட்டி உரசிக்கொண்டு மூன்று நான்கு நாளில் ஒரு சுற்று முடித்துவிடும். சூடு ஆயிரம் டிகிரிக்கு மேல். அவ்வளவு தூரத்தில் இருக்கும் கோளை யாரும் தனியாகப் பார்க்க முடியாது. அது தன் சூரியனுக்கு முன்னால் கடக்கும்போது வெளிச்சம் துளி குறையும். அந்தக் குறைவை அளப்பதுதான் இவர்கள் வேலை.

காஞ்சிபுரம் பஸ் நிலையத்திலிருந்து சின்ன காஞ்சிபுரம் மூன்று கிலோமீட்டர். ஆட்டோ அறுபது கேட்பார்கள், நாற்பதுக்கு வருவார்கள். கோவில் பக்கத்து மெஸ்ஸில் காஞ்சிபுரம் இட்லி சாப்பிடலாம் என்று பசியோடு நுழைந்தேன். மூன்று மணிக்கே அடுப்பு அணைந்திருந்தது. தயிர்ச் சட்டி, ஊறுகாய் ஜாடி, தண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் தர்ப்பைப் புல். சமையல்காரர் பெஞ்சில் ஓய்வாக உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு மணிக்கு கிரகணம் புடிக்குதுபா. இப்ப சாப்ட்டா செரிக்காது" என்றார்.

எந்தக் கிரகணம் என்று கேட்டேன். அவர் எதிர்ச் சுவரைக் காட்டினார். கோதையின் பேச்சுக்காக உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தார் ஒட்டிய சுவரொட்டி. நடுவில் கொட்டை எழுத்தில் 'கிரகணம்'. அதன் கீழே அதே அளவில் 'மாலை 5 முதல் 7 வரை'. பேச்சு என்பதும், கோதையின் பெயரும், இது வேறொரு சூரியனின் சமாச்சாரம் என்பதும் அடியில் எறும்பு எழுத்தில். பஞ்சாங்கத்தில் ஒன்றும் இல்லையே என்றேன்.

"பஞ்சாங்கத்துல போடலதான். அமெரிக்காலேர்ந்து வந்தவங்க சொல்றாங்களே, புச்சா கண்டுபுடிச்சிருப்பாங்க. நமக்கு எதுக்குபா வம்பு?"

பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனால் மனசுக்குள் ஒரு பட்டாசு வெடித்தது. கேவலம்தான், தெரியும். வெடித்ததை வெடித்தது என்றுதானே எழுத வேண்டும்.

ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட ஹாலில் வரிசையாகக் காலி நாற்காலிகள். கோதை மேடையில் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு நரைகூட இல்லை, அதிலும் எனக்கு வருத்தம். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"ஊரே ஆத்துக்குள்ள உக்காந்துண்டிருக்குடா. எங்கம்மாவே தயிர்ல தர்ப்பையைப் போட்டுட்டா" என்றாள்.

தலைமையாசிரியர் பதறிப்போய் ஓர் ஆட்டோவில் மைக் கட்டி அனுப்பினார். கிரகணம் கிடையாது, அதைப் பற்றிய பேச்சு மட்டும்தான் என்று அறிவிக்கச் சொன்னார். அது நீளமாகப் பட்டதோ என்னவோ, ஆட்டோக்காரர் தெருத் தெருவாக, "இன்றைய கிரகணம் ரத்து செய்யப்பட்டது, அனைவரும் வருக" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். ரத்து செய்தது யார் என்று பார்க்கவே கூட்டம் வந்தது. ஆறு மணிக்கு ஹால் நிரம்பிவிட்டது. கோவில் தெருக்காரர்கள், தறிக்காரர்கள், பக்கத்துக் கல்லூரிப் பெண்கள் என்று எல்லாரும் இருந்தார்கள்.

இப்போது கோதைக்கு வேறு பயம். அவள் திரையில் காட்டவிருந்த படங்கள் எல்லாவற்றிலும் கிரகணம் என்ற சொல்தான். அதைச் சொன்னால் பாதிப் பேர் எழுந்து குளிக்கப் போய்விடுவார்கள். மேடைக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, தமிழில் எழுதுகிறவன் நீதானே, வேறு மாதிரி எப்படிச் சொல்வது என்று கேட்டாள்.

சும்மா இருந்திருந்தால் அவள் திணறுவதை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். அதற்குத்தானே இஸ்திரி சட்டை. ஆனால் என் வார்த்தை எவ்வளவு நல்ல வார்த்தை என்பதை அவள் முகத்தில் பார்க்கும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

"மறைக்கிறதைப் பத்திப் பேசாத. கரையைப் பத்திப் பேசு. கோள்தான் சேலையோட உடல். அதைச் சுத்தியிருக்கிற காத்து கரை. அந்தக் கரைக்குள்ள புகுந்து வர்ற வெளிச்சம் கரையொளி" என்றேன்.

அவள் கண்ணை மூடி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். என் பெயரைச் சொல் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சு பிரமாதம். எழுதவே எரிகிறது, ஆனால் பிரமாதம். கரையொளி வரும்போது அந்தக் காற்றில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் தனக்கான நிறத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எந்த நிறம் குறைகிறது என்று பார்த்தால் அங்கே சோடியம் இருக்கிறது, நீராவி இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்றாள். "நம்ம டெலஸ்கோப்" என்று வேறு சொன்னாள், ஏதோ தெருமுனைக் குழாய் மாதிரி. கடைசியில், "இந்த வார்த்தை நான் பண்ணினதில்லை" என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து காலரைச் சரிசெய்தேன். "இது நம்ம ஊர் வார்த்தை. கரைன்னா என்னன்னு உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்." ஹால் அதிரக் கைதட்டல். நானும் தட்ட வேண்டியிருந்தது.

கிளம்பும்போது, அம்மா கொடுத்ததாக ஒரு பொட்டலம் தந்தாள். இலையில் மடித்த இட்லி, மேலே ஒரு தர்ப்பைப் புல். பஸ்ஸில் பிரித்துச் சாப்பிட்டேன். வயிற்றெரிச்சலுக்கு அதில் இருந்த மிளகும் சேர்ந்துகொண்டது.

பக்கத்து சீட்டில் வாலாஜாபாத் போகிற ஒருவர். பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருப்பவராம், அவரும் பேச்சுக்கு வந்திருந்தார். தெரியாதவன் மாதிரி, கரையொளி என்றால் என்ன என்று கேட்டேன். கோதையின் பெயரை அவர் வாயால் கேட்டு இன்னும் கொஞ்சம் வேகலாம் என்றுதான்.

"அது எங்க வார்த்தைபா, தறிக்காரங்க வார்த்தை. சேலைய வெளிச்சத்துல புடிச்சா கரை ஒரு மாரி மின்னும்ல, அதான். எங்க தாத்தா காலத்துலேர்ந்து சொல்லிக்கினு இருக்கோம். அந்தம்மா பாரு, அத அமெரிக்கா வரைக்கும் எடுத்துக்கினு போயிருக்குது."

வார்த்தை என் வாயிலிருந்து வெளியே வந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. அப்படியா என்று மட்டும் கேட்டேன். அன்றைக்கு முதல் தடவையாகக் கோதைமேல் எனக்குப் பொறாமை இல்லை. இப்போது அது இவர் பக்கம் திரும்பிவிட்டது.

நீங்கள் போவதானால் காலையிலேயே போங்கள், கோவில் மதியம் நடை சாத்திவிடும். சுவரொட்டியை அடிவரை படியுங்கள். தறிக்காரர் யாரையாவது பார்த்தால் கரையொளி என்றால் என்ன என்று கேளுங்கள். ரொம்பப் பழைய வார்த்தை என்று சொல்வார்கள். நம்புங்கள். நான் இதை எழுதினேன் என்று மட்டும் அவர்களிடம் சொல்ல வேண்டாம்.