ஆம்ப்பைக் கொடுப்பதா, வேண்டாமா

திருச்சுழியில் உரக்கடை வைத்திருக்கும் மாரீஸ்வரன் அண்ணன் எங்கள் இசைக்குழுவில் கிதார் வாசிக்கிறார். நான் கீபோர்டு. பருத்திக்கு என்ன உரம் என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவார். கிதார் சத்தம் எப்படி இருக்கவேண்டும் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அன்றைய பொழுது போச்சு.

அவருடையது பழைய வால்வு ஆம்ப்; உள்ளே கண்ணாடிக் குழல்கள் சூடேறிக் கிதார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. உர மூட்டைக் கனம். கச்சேரி முடிந்தாலும் வால்வு ஆறும்வரை வண்டியில் ஏற்ற விடமாட்டார். சூட்டோடு குலுங்கினால் போய்விடும் என்பார். நாங்கள் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அந்தப் பெட்டியருகேதான் உட்கார்ந்திருப்பார். கரண்ட் வருவதைக் காட்டும் அதன் சிவப்பு விளக்கு என்றைக்கோ அவிந்துவிட்டது. மாற்றச் சொன்னால், "தொட்டுப் பாத்தா சூடு தெரியாதா?" என்பார்.

போன ஆடியில் அதைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. இனிமேல் கனம் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். உடனே அவர் மனைவி ரேணுகாதேவி அக்கா ஒரு மாடலர் வாங்கவைத்தார். டிபன் டப்பா அளவு டிஜிட்டல் கருவி. எத்தனையோ ஆம்ப்புகளின் சத்தம் அதற்குள் இருக்கும், நேராக மைக்செட் மிக்சரில் செருகினால் போதும். அத்தோடு விடாமல் பழைய ஆம்ப்பை வாங்க அருப்புக்கோட்டையில் ஆளும் பிடித்துவிட்டார். ஞாயிறு சாயங்காலம் எடுத்துப்போக வருவதாகப் பேச்சு. அண்ணன் காலையில் "டப்பாவே போதும்" என்பார், மத்தியானம் "அதுல உசிரு இல்லைடா" என்பார். எங்களுக்கே எரிச்சலாக வந்தது.

அந்த ஞாயிறு பகலில் நரிக்குடியில் ஒரு காதுகுத்து. இரண்டையும் கொண்டுவந்து ஒரே கிதாரோடு இணைத்தார். மைக்செட் பொன்ராஜைக் கூப்பிட்டு, "சாப்பாட்டுக்கு முந்தி டப்பா சத்தத்த விடு. பெறகு ஆம்ப்ப விடு. இன்னைக்கு முடிவு பண்ணிருவோம்" என்றார்.

முதல் பாதி முடிந்ததும் அண்ணன் முகம் கோணியது. "பரவால்ல. ஆனா தகர வாடை அடிக்குது."

இரண்டாம் பாதியில் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கே கண் கலங்கிவிட்டது. முடிந்த கையோடு மேடையிலிருந்தே அக்காவுக்குப் போன் போட்டார்.

"ஆம்ப்பக் குடுக்கல. அவுகள வரவேணாம்னு சொல்லிரு. இடுப்ப நான் பாத்துக்கிறேன்."

பிறகு வழக்கம்போல ஆம்ப்பின் முதுகில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"அழகுராஜா, இதத் தொட்டுப் பாரு."

தொட்டேன். நிழலில் கிடந்த கல்லைப் போலக் குளிர்ந்து கிடந்தது.

பொன்ராஜ் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "சாப்பாட்டு நேரத்துலயே ஆம்ப் பிளக்கப் புடுங்கியாச்சுண்ணே. மொய் எழுதுற கம்ப்யூட்டருக்கு சார்ஜ் இல்லைன்னு தாய்மாமன் வந்து நின்னாரு. கடைசிவரைக்கும் டப்பாவத்தான் விட்டேன். நீங்க லயிச்சு வாசிச்சீகளா, சொல்ல மனசு வரல."

அவனைத் திட்டவும் வழியில்லை. எங்கள் பக்கம் மொய் நின்றால் விசேஷமே நின்ற மாதிரி. அண்ணன் டப்பாவைப் பார்த்தார், ஆம்ப்பைப் பார்த்தார்.

"அப்ப நான் கேட்டது என்னடா?"

பார்க்கப் பாவமாக இருந்தது.

அக்காவின் போன் வந்தது. "அவுக வீட்டுக்கே வந்து உக்காந்திருக்காக. குடுக்குறீகளா, இல்லையா?"

"வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

"ஏத்திரலாமாண்ணே?" என்றேன்.

"இருடா. கொஞ்சம் ஆறட்டும்" என்று அந்தப் பெட்டியருகே உட்கார்ந்துகொண்டார்.