என் வாயால் நின்ற மாத்திரை

நான் ஏற்கெனவே மூன்று ஊர்ச் சபைகளில் ஆண்டவர் செய்த அற்புதம் என்று சாட்சி சொன்னவன். கேட்டவர்கள் கண்ணீர்விட்டுத் தோத்திரம் சொன்னார்கள். அது பொய். அந்தப் பொய்யால் என் அண்ணி சாகக் கிடந்தார். இப்போது எழுதுவதுதான் நடந்தது. ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். பேசுகிற மாதிரிதான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குத் தருமபுரிப் பக்கம் இண்டூர். அண்ணனுக்குப் பொம்மிடியில் ரயில்வே கேங்கில் தண்டவாளம் பார்க்கிற வேலை. வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார், சபைக்கோ கூட்டத்துக்கோ போகிற வழக்கம் இல்லை. நான் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறேன். அம்மா இல்லாத எனக்குச் சோறு போடுகிறவர் எஸ்தர் அண்ணிதான். 1972இல் சேலத்தில் அண்ணியின் கழுத்துக் கழலையை அறுத்து எடுத்தார்கள். கழலையோடு தைராய்டு சுரப்பியும் பெரும்பாலும் போய்விட்டது, அது செய்த வேலையை இனி மாத்திரைதான் செய்யவேண்டும், ஆயுசுக்கும் தினம் ஒன்று போடவேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அண்ணியும் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். நான் அவரை மாத்திரை மகாராணி என்று கூப்பிடுவேன். யாரையும் சும்மா விடுகிற வாய் இல்லை எனக்கு.

1974, தை மாதம். எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்ததும் எங்கள் சபைப் போதகர் ஐயர் வழக்கம்போல, யாராவது சாட்சி சொல்லலாம் என்றார். ஒருவரும் எழவில்லை. எனக்கு முன்னால் இருந்த, சபையில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை திரும்பிப் பார்த்தார்.

“நம்ம வாயாடி சொல்லட்டுமே. டீக்கடையில மட்டுந்தான் பேச்சு வருமா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம். எழுந்துவிட்டேன். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் அண்ணியின் கழுத்தை எடுத்துக்கொண்டேன். டாக்டர் ஆயுசுக்கும் மாத்திரை என்றார், ஆண்டவர் தொட்டார், இன்று என் அண்ணி மாத்திரையைக் கையால்கூடத் தொடுவதில்லை என்றேன். அன்று காலையில்கூட அவர் மாத்திரை போட்டதை நான் பார்த்தேன். விளையாட்டாக ஆரம்பித்தது, சனங்கள் அழுதபோது நிறுத்த மனசு வரவில்லை. கோயில்பிள்ளையே கண்ணைத் துடைத்தார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணி திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

“இனிமே நான் அதப் போட்டா சபைக்கு முன்னால ஆண்டவரப் பொய்யாக்கின மாதிரி ஆயிடும் தம்பி. நீங்க சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்” என்றார்.

நான் அப்போதே ஓடிப்போய் ஐயரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த மாதம் பாலக்கோட்டுக்கும் அதற்கடுத்து பொம்மிடிக்கும் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். போனேன். ஒவ்வொரு ஊரிலும் கதை கொஞ்சம் வளர்ந்தது. சாப்பாடு போட்டு, தம்பி தம்பி என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை என்னை யாரும் அப்படி மதித்ததில்லை.

அண்ணிக்கு முகம் ஊதியது. முடி கொட்டியது. மாதவிலக்கில் நாள் கணக்கில்லாமல் ரத்தம் போனதை ஆஸ்பத்திரியில் கேட்கும்வரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரல் கட்டையாகி, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நேரம் பிடித்தது. அந்தக் குரலில் பேசிக்காட்டிக் கடையில் எல்லாரையும் சிரிக்கவைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஆனி மாதம் கிணற்றடியில் குடத்தோடு விழுந்தார். அண்ணனுக்கு ஆள் அனுப்பிவிட்டு பஸ்ஸில் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தார், கழுத்துத் தழும்பைப் பார்த்தார். உடம்பில் ரத்தம் பாதிக்கும் குறைவு, இரும்புச்சத்து இல்லை, வைட்டமின் இல்லை, இதயமும் தளர்ந்துவிட்டது என்றார். மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். நான் சுவரோரமாக நின்றேன்.

“நானாத்தான் நிறுத்துனேனுங்க” என்றார் அண்ணி.

அண்ணன் அவரைத்தான் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

முழு மாத்திரையை இதயம் தாங்காது என்பதால் தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் கால் அளவில் தொடங்கச் சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பின் இரும்பு மாத்திரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைட்டமின் ஊசி. பத்து நாள் ஆனது. முகத்தில் வெளுப்பு கொஞ்சம் குறைந்தது. வீக்கமும் குளிரும் அப்படியே இருந்தன, நாடி இன்னும் மெதுவானது. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. இப்படியே போனால் நினைவு தப்பிவிடும், அப்புறம் என் கையில் இல்லை என்று அண்ணனிடம் சொன்னார்.

அன்றைக்குப் படுக்கையை உதறும்போது அண்ணியின் முந்தானையில் ஒரு முடிச்சைப் பார்த்தேன். அவிழ்த்தேன். உள்ளே கால் மாத்திரைகள், எல்லாம் அப்படியே இருந்தன.

ஏன் அண்ணி என்று கேட்டேன். மற்ற மாத்திரையெல்லாம் போடுகிறீர்களே என்றேன். மெதுவாகத்தான் பதில் வந்தது.

“ரத்தத்து மாத்திரையப் பத்தி நீங்க சாட்சி சொல்லலையே தம்பி.”

வெளியே வந்து சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்தேன். முதலில் குறுக்கு வழியில்தான் ஜெபித்தேன். ஆண்டவரே, மாத்திரை இல்லாமலே சுகமாக்கிவிடும், என் சாட்சி உண்மையாகிவிடும், யாருக்கும் தெரியவேண்டாம் என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே எனக்கே அருவருப்பாக இருந்தது. அண்ணி சாகாமல் இருக்க வேண்டும் என்பதைவிட நான் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பது பெரிதாக இருந்தது. அங்கேயே புழுதியில் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, அவங்க வாயைத் திற, அதுக்கு முன்னால என் வாயைத் திற என்று கேட்டேன். வேறு வார்த்தை வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஆராதனையில் சாட்சி நேரம் வந்ததும் எழுந்தேன். இந்த முறை யாரும் கூப்பிடவில்லை. என்ன வேடிக்கை காட்டப்போகிறேனோ என்று சிலர் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். நான் சாட்சி சொன்ன அன்று அண்ணி மாத்திரையை நிறுத்தியிருக்கவே இல்லை, நான் சொன்னது பொய், என் பொய்யைக் காப்பாற்றத்தான் அப்புறம் நிறுத்தினார் என்றேன். ஒரு பெண், கடவுள் பேரில் விளையாடினாயா என்று அழுதாள். கோயில்பிள்ளை எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டு, இவனை எழுப்பிவிட்டது நான்தான் என்று சபையிடம் சொன்னார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஐயரும் அவர் வீட்டம்மாவும் கோயில்பிள்ளையும் என்னோடு வந்தார்கள். அண்ணி எங்களைப் பார்த்தார், என்னிடம்தான் கேட்டார்.

“சபையில சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன் அண்ணி.”

“எல்லாரும் இருந்தாங்களா?”

“இருந்தாங்க.”

ஐயர், மாத்திரையும் ஆண்டவர் கொடுத்ததுதான், போட்டுக்கொள் அம்மா என்றார். ஐயரம்மா தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அண்ணி அந்தக் கால் மாத்திரையை என் கண் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினார். நான் வெளியே போய் அழுதேன்.

இரண்டு வாரத்தில் நாடி ஏறியது. மெல்ல மெல்ல மாத்திரை பாதியானது, முழுசானது. ஒருநாள் அவர் இரும்பு மாத்திரை போடும்போது எனக்கு நாக்கு நுனிவரை ஒரு கிண்டல் வந்தது. அடக்கிக்கொண்டேன். அண்ணி என்னையே பார்த்தார்.

“என்ன தம்பி, காந்தத்த வச்சு இழுத்துப் பாக்கறேன்னு சொல்லலையா?”

பல மாதம் கழித்து அவர் சிரித்தது அன்றுதான். ஐப்பசியில் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது கிணற்றில் தண்ணீர் சேந்துகிறார், என்னைத் திட்டவும் திட்டுகிறார்.

அப்புறம் பாலக்கோட்டுக்கும் பொம்மிடிக்கும் சைக்கிளில் போய் நின்று உண்மையைச் சொன்னேன். முகத்தில் அடித்த மாதிரி பேசினார்கள். கேட்டுக்கொண்டேன். பாலக்கோட்டில் ஒரு அம்மா கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, தம்பி, நீ சொன்னதைக் கேட்டு நானும் சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டேனே என்றார். அவரைப் பின்னால் உட்காரவைத்து அங்கிருந்த டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். தப்பித்தார்.

அவரைப்போல இன்னும் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அதற்காகத்தான் இதை எழுதினேன். என் ஜெபத்தைக் கேட்ட ஆண்டவர் பெரியவர். அவரை நம்புங்கள், உண்மையைச் சொல்லி நம்புங்கள். என் பேச்சைக் கேட்டு யாராவது மருந்தை நிறுத்தியிருந்தால், தயவுசெய்து நாளைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். கூட வர ஆள் இல்லையென்றால் இண்டூருக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் வருகிறேன்.