மோட்டார் கொட்டகையில் பியானோ

ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு தின்றுவிட்டு ஊரே தூங்கும் நேரத்தில், எங்கள் வீட்டு ஆண்கள் மூவர் மட்டும் பெரியப்பாவின் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து பியானோ கேட்பார்கள். நானும் அப்பாவோடு போய்விடுவேன். கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்தது பெரியப்பாவின் மரவள்ளித் தோட்டம்.

எங்களுக்கு இந்த ருசியைக் காட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தார். அங்கே நாளெல்லாம் பியானோவும் ஜாஸும் ஓடுமாம். சாப்பிடுகிறவர்கள் யாரும் காதுகொடுத்துக் கேட்பதில்லை என்று மாமாவுக்கு வருத்தம். அதனால் அவற்றைச் சிடிகளாக்கி எங்களிடம் கொண்டுவந்தார். ஆளுக்கொரு வாரம் தனக்குப் பிடித்ததைப் போட வேண்டும், மற்றவர்கள் அது எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். வாசித்தவர்களின் பெயர் ஒருவர் வாயிலும் நுழையாது. ஜாஸ் கேட்டுவிட்டுப் பெரியப்பா ஒருமுறை, "நாலு பேரும் ஒரே நேரத்துல பேசிக்கினு இருக்கானுங்க, ஆனா சண்டையே வரல பாரு" என்றார். அதைவிட நல்ல விமர்சனத்தை நான் இன்றுவரை படித்ததில்லை.

அப்பா எப்போதும் ஒரே சிடியைத்தான் போடச் சொல்வார். மெதுவாகப் போகும் தனிப் பியானோ. கேட்கக் கேட்க, மரவள்ளி இலைகள் தூக்கத்தில் அசைவது போலவும் மலை கொஞ்சம் கிட்டே வந்துவிட்டது போலவும் இருக்கும். முடிவில் எல்லாம் அடங்கி, மெல்லிய சுரங்கள் சில உச்சியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொட்டும். அவற்றுக்காக அப்பா விரலை உயர்த்திக் காத்திருப்பார்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு ஞாயிறு, அந்தச் சுரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கையிலேயே அப்பா எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே மாமாவைக் கேட்டார்.

"இன்னாடா, இன்னிக்கி சீக்கிரம் முடிஞ்சிட்ட மாதிரி இருக்குது?"

இன்னும் முடியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பெரியப்பா என் தோளை அழுத்தினார். மாமா பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு, "ஆமா மச்சான், முடிஞ்சிடுச்சி" என்று பெட்டியை நிறுத்தினார்.

அதன்பின் அந்தச் சிடியை யாரும் போடவில்லை. கேட்டால், "அதுல கீறல் வுழுந்துடுச்சி கண்ணு" என்பார் மாமா. வந்ததெல்லாம் தடித்த தந்திகள் உறுமும், டிரம் அதிரும் ஜாஸ். ஸ்பீக்கரை அப்பா உட்காரும் சிமெண்ட் தொட்டியின் மேலேயே வைத்தார்கள். அப்பா தொட்டிச் சுவரில் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டு, "இது நல்லா இருக்குதுடா" என்பார். மற்ற இருவரும் பாட்டை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்பா அரிசி ஆலையில் மிஷின் ஓட்டினார். அந்த இரைச்சல் அவர் காதிலிருந்து முதலில் மெல்லிய ஓசைகளைக் கொண்டுபோய்விட்டது. மற்றதும் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமா பொய் சொல்கிறார் என்பதுதான். ஒருநாள் வீடு திரும்பும்போது, வண்டியில் அப்பாவின் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாமா பையில் பார்த்தேன், சிடியில் கீறலே இல்லை, அடுத்த வாரம் அதையே போடச் சொல்லுப்பா என்றேன். கரும்புக்காட்டுக் காற்று முகத்தில் அடித்தது. அப்பா வழிநெடுகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் அதைக் கேட்கவே இல்லை. அவரும் மாமாவோடு சேர்ந்துகொண்டார் என்று எனக்குக் கோபம். திரும்பும்போது வண்டியில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா அன்றும் வழிநெடுகத் தலையாட்டினார். நான் வாயே திறக்காதபோது எதற்குத் தலையாட்டுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.