ரத்தம் சொன்ன பொய்

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். மூன்றாவது கருவும் ஐந்தாம் மாதத்தில் கலைந்து சில நாள்தான் ஆகியிருந்தது. முதல் இரண்டு முறையும் “பலவீனம்” என்று டானிக் எழுதி அனுப்பியவர்கள், இந்த முறை ரத்தம் எடுத்து வி.டி.ஆர்.எல். (மேகநோய் உண்டா என்று பார்க்கும் பரிசோதனை) செய்திருந்தார்கள்.

“இருக்குன்னு வந்திருக்கும்மா. வூட்டுக்காரரையும் வரச் சொல்லுங்க,” என்றார் நர்ஸ், குரலைத் தாழ்த்தி.

எங்கள் பக்கம் அதற்குப் பெயர் பொம்பளைச் சீக்கு. ஊர்மேய்ந்து வாங்கி வருகிறவன் ஆண், பெயர் மட்டும் நமக்கு. அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டராக இருந்த என் கணவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து ரத்தம் கொடுத்தார். அவரைக் கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் மனதுக்குள் வரிசையாக வைத்திருந்தேன். அவர் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டார்.

“எனக்கில்ல. அப்ப உனக்கு எப்படி...”

“வாங்க, சிறுவாச்சூர் போவோம். காளி முன்னாடி சூடம் அடிச்சு சத்தியம் பண்றேன்.”

“வேணாம்,” என்றார். என்னை நம்பிச் சொன்னாரா, சத்தியத்துக்குப் பயந்து சொன்னாரா, இன்றுவரை தெரியாது.

பென்சிலின் ஊசி போட்டார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தபோதும் இருக்கிறது என்றே வந்தது. அதற்குள் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் பயம்தான் வந்தது. இந்தப் பிள்ளையும் போனால் அதோடு என் வாழ்க்கையும் போகும் என்று தெரிந்தது.

பெரம்பலூர் டாக்டர் குழம்பிப்போய்ச் சென்னைக்கு அனுப்பினார். அரியலூரில் ரயில் ஏறினோம். சென்னையில் ஒரு லேடி டாக்டர் வேறு பரிசோதனைகள் செய்துவிட்டு எங்களை உட்காரவைத்தார்.

“மேகநோயே இல்லம்மா. ரெண்டு பேரும் எந்தத் தப்பும் பண்ணல.”

என் கணவர் அங்கேயே அழுதுவிட்டார்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கிருமியை எதிர்க்க நம் ரத்தம் சில பொருள்களை உண்டாக்குகிறது. என் உடம்பில் அவை ஆள் தெரியாமல் என்னையே தாக்குகின்றன, வீட்டு நாய் வீட்டாளைக் கடிப்பதுபோல. நஞ்சில் (கருப்பையில் ஒட்டியிருந்து பிள்ளைக்கு உணவூட்டும் உறுப்பு) ரத்தம் உறைந்து, பிள்ளை பட்டினியில் சாகிறது. அதே பொருள்கள்தான் அந்தப் பரிசோதனையையும் ஏமாற்றியிருக்கின்றன.

மானம் தப்பியது. ஆனால் பயம் இரண்டு மடங்கானது. மூன்று பிள்ளைகளையும் ஏதோ நோய் தின்றது என்று நினைத்திருந்தேன். தின்றது நான்.

“இது புது வைத்தியம்மா. உத்தரவாதம் தர மாட்டேன்,” என்று சொல்லித்தான் மருந்து கொடுத்தார். குறைந்த அளவு ஆஸ்பிரின் (தலைவலி மாத்திரைதான், ரத்தம் உறையாமல் தடுக்கும்), கூடவே ஸ்டீராய்டு (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து).

“தலவலி மாத்திரையா? சூடாச்சே, கருவக் கலைச்சிப்புடுமே!” என்றார் மாமியார். ஒவ்வொரு மாத்திரையையும் அந்தப் பயத்தோடேயே விழுங்கினேன். ஸ்டீராய்டில் முகம் பூசணிக்காயாக ஊதியது. பக்கத்து வீட்டில் அதைப் புள்ளத்தாச்சிக் களை என்று மெச்சினார்கள். வளைகாப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுக்கிய வளையலைப் பாதியில் கழற்ற நேர்ந்தால் தாங்கமாட்டேன்.

இதைப் படிக்கும் நீங்கள் என் மருந்தை நீங்களாக வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள். மேகநோய் என்று முடிவு வந்தால், கணவரோடு சண்டைக்குப் போகுமுன் இன்னொரு பரிசோதனை கேளுங்கள். நான் சொல்ல முடிவது அவ்வளவுதான்.

எட்டாம் மாதம் ரத்தக்கொதிப்பு ஏறி, வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பெண். உள்ளங்கையளவு முகம். அவள் அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது அவளுக்கு மூன்று வயது. போன மாதம் காய்ச்சல் என்று அரியலூர் டாக்டரிடம் தூக்கிப்போனேன்.

“பயப்படாதீங்க. பாப்பாவுக்கு எதிர்ப்பு சக்தி நல்லா இருக்கு, தானா சரியாயிடும்,” என்றார் அவர், அவள் முதுகில் தட்டிக்கொடுத்து.

வேறு எந்தத் தாய்க்கும் அது நல்ல செய்தி. என் மூன்று பிள்ளைகளைத் தின்றதும் எதிர்ப்பு சக்திதான்; அவள் உடம்பில் ஓடுவதும் என் ரத்தம்தானே. மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு, என்றோ அவள் வயிற்றில் வரப்போகும் பிள்ளைக்காகப் பயந்தேன்.